கதவு திறக்கட்டும்!

(மகளிர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)

 

நிதிநிலை பற்றிப் பேசுவேன், மாற்றார் வாதத்துக்கு மறுப்புரைப்பேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். இன்று நான் பேச வந்திருப்பது ஒரு கதவைப் பற்றி. ஆம், மரக் கதவு. பச்சை வண்ணம் பூசிய இரட்டைக் கதவு. ஓர் அரசு மருத்துவமனையிலே, பிரசவ வார்டின் முகப்பிலே இருக்கும் கதவு. 2009-ஆம் ஆண்டில், என் தலைப்பேற்றின்போது, அந்தக் கதவுக்கு உள்ளே நான் கிடந்தேன். வெளியே என் தாய் நின்றார். இரவு எட்டு மணிக்குச் சாத்திய கதவு, மறுநாள் காலை ஏழு மணிக்குத்தான் அவருக்காகத் திறந்தது.

உள்ளே நடந்தது என்ன? வலி வந்தது, அதை எதிர்பார்த்துத்தான் போனேன். எதிர்பாராமல் வந்தது ஏச்சு. "ஏய், கத்தாதே!" என்றார் செவிலியர். கத்தினேன். அப்போது அவர் சொன்ன சொல்லை இந்த மேடையிலே திருப்பிச் சொல்ல என் நா கூசுகிறது. அது என்ன சொல் என்று இங்கே அமர்ந்திருக்கும் தாய்மார்களிலே பலருக்குத் தெரியும். அறியாத ஆண் தோழர்கள், இன்றிரவு வீட்டிலே கேட்டறியுங்கள். தாகத்துக்குத் தண்ணீர் கேட்டேன், பதில் இல்லை. என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன்; "உனக்கெதற்கு அது?" என்று கேள்வியே பதிலாக வந்தது. உடல் என்னுடையது, பிள்ளை என்னுடையது. ஆனால் எனக்கெதற்கு அது!

விடியற்காலையில் மகள் பிறந்தாள். குழந்தையைத் துணியில் சுற்றி வெளியே கொண்டுபோன ஆயா, என் தாயிடம் கையை நீட்டினார். ஆண் குழந்தையென்றால் ஐந்நூறு. பெண் குழந்தையென்றால் முந்நூறு. முந்தானை முடிச்சை அவிழ்த்து, பேருந்துக்கு வைத்திருந்த காசையும் சேர்த்துக் கொடுத்தார் என் தாய். மண்ணிலே விழுந்து கால் மணி நேரம் ஆகவில்லை. அதற்குள் இருநூறு ரூபாய் மதிப்புக் குறைந்தவள் என்று விலை குறிக்கப்பட்டுவிட்டாள் என் மகள்!

ஆனால் தோழர்களே, பாதிக் கதையைச் சொல்லிக் கைதட்டல் பெற்றுப் போக நான் விரும்பவில்லை. பிள்ளை பிறந்த பின் எனக்கு இரத்தப் போக்கு நிற்கவில்லை. அதை முதலிலே கண்டவர், என்னை ஏசிய அதே செவிலியர்தான். மருத்துவரை அழைத்தார், ஊசி போட்டார், போக்கு அடங்கும்வரை என் பக்கத்தை விட்டு அகலவில்லை. இரத்தம் ஏற்றினார்கள், அதற்கு ஒரு காசு கேட்கவில்லை. ஏசிய நாவும் அவருடையது. என்னைக் காத்த கையும் அவருடையது. அன்றிரவு அந்த வார்டிலே ஒன்பது பெண்கள். செவிலியரோ அவர் ஒருவரே.

ஆகவே, அரசு மருத்துவமனையைப் பழிப்பது என் நோக்கமன்று. பழிப்பவர் பேச்சுக்கு மறுப்பாகக் கணக்கே இருக்கிறது. 2001 முதல் 2003 வரையிலான கணக்கெடுப்பிலே, தமிழ்நாட்டில் இலட்சம் குழந்தைகள் உயிருடன் பிறந்தால் 134 தாய்மார்கள் மாண்டார்கள். 2018 முதல் 2020 வரையிலான கணக்கிலே அது 54 ஆகக் குறைந்தது. அப்போது இந்திய நாட்டின் சராசரி 97. இன்று ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளும் மருத்துவ நிலையங்களிலேதான் பிறக்கின்றன. ஆரம்ப சுகாதார நிலையத்திலே இரவும் பகலும் விளக்கெரியச் செய்தது யார்? ஏழையின் வாக்கும், அந்த வாக்குக்கு அஞ்சிய அரசுகளும்! 1912-இல் மருத்துவப் பட்டம் பெற்று, பின்னர் சட்டசபையிலும் பெண்ணுக்காக வாதாடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரிலே மகப்பேற்று நிதி தருகிறோம். 2006-இல் 6,000 ரூபாய், 2011-இல் 12,000, 2018-இல் 18,000. பெருமைதான், மறுக்கவில்லை. கேட்பது ஒன்றே: உயிரைக் காத்தோம், மானத்தைக் காத்தோமா?

இரண்டாம் பேற்றின் கதையையும் கேளுங்கள். 2014-ஆம் ஆண்டு. அதே மருத்துவமனை, அதே பச்சைக் கதவு. இம்முறை "வாங்கம்மா" என்று வரவேற்றார்கள். "துணைக்கு யார் வருகிறீர்கள்?" என்று அவர்களாகவே கேட்டு, என் தாயை உள்ளே விட்டார்கள். தலைமாட்டிலே அவர் நின்றார். அவர் கை என் கையிலே இருந்தது. ஒரு சுடுசொல் என் காதிலே விழவில்லை. ஆகா, ஐந்தாண்டிலே எத்தனை மாற்றம் என்று அகமகிழ்ந்தேன். அந்த மகிழ்ச்சி அரை நாள்கூட நிலைக்கவில்லை. வீட்டுக்காரர் வந்து சொன்னார்: வட்டச் செயலாளர் தொலைபேசியிலே பேசியிருந்தாராம்!

பக்கத்துக் கட்டிலிலே கிடந்த சகோதரியோ, நாற்று நட்டுப் பிழைப்பவர். அவருக்காகப் பேச எந்தச் செயலாளரும் இல்லை. அவர் அலறியபோது, "ஏய்!" என்ற குரல் மீண்டும் கேட்டது. என் தாய் உள்ளே; அவர் தாய் வெளியே. அப்போதுதான் தோழர்களே, ஐந்தாண்டுக்கு முன் என்னைச் சுட்ட சொல்லைக் காட்டிலும் அதிகமாக என்னைச் சுட்டது, அன்று எனக்குக் கிடைத்த மரியாதை!

சிபாரிசால் கிடைப்பது சலுகை. அது ஒருத்திக்குக் கதவைத் திறக்கும்போதே, இன்னொருத்தியை வாசலிலே நிறுத்துகிறது. பேறுகாலத் துணையை உள்ளே அனுமதிக்கும் திட்டம் தமிழ்நாட்டு அரசு மருத்துவ நிலையங்களுக்கு 2004-ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. அதாவது, 2009-இல் என் தாய் வாசலிலே நின்றபோதே அவருக்கு உள்ளே வர உரிமை இருந்தது. யாரும் சொல்லவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. தெரியாத உரிமை, புதைத்த பணம் போன்றது. இருந்தும் பசி தீர்க்காது.

"பிரசவ அறையிலே நோயாளியின் பேச்சுக்கு என்ன மதிப்பு? மருத்துவம் அறிந்தவர் பார்த்துக்கொள்வார்" என்பார் சிலர். அவர்களை 1840-களின் வியன்னா நகருக்கு அழைக்கிறேன். அங்கே பெரிய மருத்துவமனையிலே இரண்டு பிரசவப் பிரிவுகள். ஒன்றிலே மருத்துவ மாணவர்கள்; மற்றொன்றிலே மருத்துவச்சிகள். மாணவர் பிரிவிலே காய்ச்சல் கண்டு மடிந்த தாய்மார்கள் மிக அதிகம். அங்கே சேர்க்க வேண்டாம் என்று ஏழைப் பெண்கள் மண்டியிட்டு மன்றாடினார்கள். மேதைகள் அதை அறியாமை என்று எண்ணினார்கள். 1847-இல் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் உண்மையைக் கண்டார். பிணம் அறுத்த கையோடு மாணவர்கள் பேறு பார்க்க வந்ததே காரணம்! குளோரின் கலந்த நீரிலே கை கழுவச் செய்தார், சாவு சரிந்தது. அறிஞர் அறியுமுன் ஆபத்தை அறிந்தவர் யார்? மண்டியிட்ட அந்தப் பெண்கள் அல்லவா! நோயாளியின் சொல் முறையீடு மட்டுமன்று. அது மருத்துவத்துக்கே வேண்டிய செய்தி.

"அப்படியானால் தனியார் மருத்துவமனைக்குப் போகலாமே" என்பார் இன்னும் சிலர். போகிறார்கள், கடன் வாங்கியும் போகிறார்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டுத் தனியார் மருத்துவமனைகளில் நடந்த பேறுகளிலே நூற்றுக்கு ஏறத்தாழ 64 அறுவை வழியே நடந்தன. அரசு நிலையங்களிலே 36. வேண்டிய இடத்திலே அறுவை உயிர் காக்கும், ஐயமில்லை. ஆனால் ஒரு சமுதாயத்திலே நூற்றுக்குப் பத்தைத் தாண்டிய பின், அறுவை பெருகுவதால் தாய் சேய் மரணம் குறைவதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் கூறிற்று. தாய் விரும்பும் துணை ஒருவர் உடனிருக்க வேண்டும் என்று 2018-இல் அதே நிறுவனம் பரிந்துரைத்தது. துணை இருந்தால் பேறு விரைகிறது, அறுவை குறைகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. காசில்லாத மருந்து அது. அதைத்தான் கதவுக்கு வெளியே நிறுத்தியிருக்கிறோம்!

எனவே, நாம் செய்ய வேண்டியது என்ன? செவிலியரிடம் சண்டைக்குப் போவதா? கூடாது. ஒன்பது பேருக்கு ஒருவர் என்ற நிலை நீடிக்கும்வரை ஏச்சும் நீடிக்கும். ஆகவே, செவிலியர் பணியிடங்களை நிரப்பக் கோருவதிலே நாம் அவர்களுக்குத் தோள் கொடுப்போம். நோயாளர் நலச் சங்கக் கூட்டங்களிலே துணைக்கு இடமுண்டா, தடுப்புத் திரை உண்டா, கை நீட்டுவோரைத் தட்டிக் கேட்பார் உண்டா என்று கேட்போம். ஊர்தோறும் கருவுற்ற பெண்களிடம், "உன் துணையை உள்ளே அழைத்துப் போக உனக்கு உரிமை உண்டு" என்று முன்னதாகவே சொல்வோம். எல்லாவற்றுக்கும் மேலாக, நம் வீட்டுப் பெண்ணுக்காகத் தொலைபேசியை எடுக்கும் கையைச் சற்றே நிறுத்துவோம். பேசத்தான் வேண்டுமென்றால், அந்த வார்டிலே இருக்கும் அத்தனை பேருக்காகவும் பேசுவோம்!

1929-இல் செங்கற்பட்டிலே கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்குச் சொத்திலே சம உரிமை வேண்டும் என்று தீர்மானித்தது. தமிழ்நாட்டிலே அது சட்டமானது 1989-இல். தீர்மானம் சட்டமாக அறுபது ஆண்டு! நாம் இன்று கேட்பதற்கு அத்தனை காலம் வேண்டியதில்லை. திட்டம் இருக்கிறது, கட்டடம் இருக்கிறது, தாயும் வாசலிலே வந்து நிற்கிறார். வேண்டியதெல்லாம், அந்தக் கதவைத் திறக்கும் மனம்.

முந்நூறு ரூபாய் விலை குறிக்கப்பட்ட என் மகள் இன்று பள்ளியிலே படிக்கிறாள். ஒருநாள் அவளும் தாயாகலாம். அன்று அவளோடு நான் உள்ளே செல்ல வேண்டும். பக்கத்துக் கட்டிலின் தாயும் என்னோடு உள்ளே வர வேண்டும். யாருடைய தொலைபேசியும் ஒலிக்காமலே அந்தக் கதவு திறக்கட்டும்!