வீழ்ந்த கணத்தின் சாட்சி



நான் ஆசிரியப் பணி ஏற்ற புதிதில், ஒரு சிறுவன் கணக்கைத் தவறாகப் போட்டால், "அழித்துவிட்டு மறுபடி போடு" என்பேன். அவனும் சிலேட்டைத் துடைத்துவிட்டுப் போடுவான். முன்பு இடறிய இடத்திலேயே மீண்டும் இடறுவான். நாங்கள் அழித்தது தவறையன்று, தவறு நேர்ந்த தடயத்தையே என்பது எனக்கு நெடுங்காலம் புலப்படவில்லை. ஓய்வு பெற்ற பின்னர், அதனைத் தெளிவாக உணர்த்தியது ஒரு கணிப்பொறி.

எங்கள் தெருவில் வாழும் கல்லூரி மாணவர் ஒருவர், ஒரு பள்ளிக்காக மதிப்பெண்களைக் கூட்டித் தரும் நிரலைச் சி மொழியில் எழுதினார். லினக்ஸ் முறைமையில் அதனை இயக்கியதும், பட்டியல் வருமுன்னரே நிரல் மடிந்தது. திரையில் நின்றவை "செக்மென்டேஷன் ஃபால்ட்" என்னும் இரு சொற்களே. நினைவகத்தில் தனக்கு உரிமையில்லாத இடத்தை நிரல் தொட்டுவிட்டது என்பது அவற்றின் பொருள். எந்த இடத்தில், யாருடைய கணக்கில் என்பதற்கு விடையில்லை. அவர் இங்கொரு வரியும் அங்கொரு வரியுமாக மாற்றிப் பார்த்துச் சலித்தார்.

இத்தகைய வேளையில் உதவுவதே "கோர் டம்ப்" என்னும் கோப்பு. நிரல் மடியும் கணத்தில் அதன் நினைவகம் இருந்த நிலையை அப்படியே எழுதி வைப்பது அது. முற்காலக் கணிப்பொறிகளின் நினைவகம் சிறுசிறு காந்த வளையங்களால் ஆனது. அவ்வளையத்திற்குக் "கோர்" என்று பெயர். வளையங்கள் மறைந்தன, பெயர் நிலைத்தது.

ஆனால் பல கணிப்பொறிகளில் இக்கோப்பின் அளவு வரம்பு பூச்சியம் என்றே வைக்கப்பட்டிருக்கும். ஆதலால் ஒன்றும் எழுதப்படாது. "யூலிமிட் -சி அன்லிமிடெட்" என்னும் கட்டளை, அது தரப்பட்ட அமர்வில் அவ்வரம்பை நீக்கும். கோப்பு எங்கே, எப்பெயரில் அமையும் என்பதைக் "கோர் பேட்டர்ன்" என்னும் அமைப்பு தீர்மானிக்கும். சிஸ்டம்டி கோப்புகளைச் சேர்த்து வைக்கும் இடங்களில், "கோர்டம்ப்சிடிஎல்" என்னும் கட்டளை அவற்றைப் பட்டியலிட்டுக் காட்டும்.

மாணவர் அவ்வரம்பை நீக்கினார். வரி எண்களும் பெயர்களும் உடன் பதியுமாறு "-ஜி" என்னும் குறிப்புடன் நிரலைத் தொகுத்து, மீண்டும் இயக்கினார். நிரல் மடிந்தது, இம்முறை சாட்சி கிடைத்தது. ஜி.டி.பி. என்னும் பிழையாய்வுக் கருவியில் நிரலையும் அக்கோப்பையும் ஒருசேரத் திறந்து, "பேக்டிரேஸ்" என்றார். எந்தச் செயற்கூறு எதனை அழைத்தது என்னும் வரிசை, மடிந்த வரி முதல் மேல்நோக்கி விரிந்தது. மடிந்த இடத்தில் மாணவர் விவரத்தைச் சுட்ட வேண்டிய சுட்டியின் மதிப்பு பூச்சியம். "அப்" என்னும் கட்டளையால் ஒருபடி மேலேறி, "பிரின்ட்" என்னும் கட்டளையால் அங்கிருந்த மாறியைப் பார்த்தார். வரிசை எண் 47.

நடு ஆண்டில் சேர்ந்த ஒரு சிறுமியின் எண் அது. மதிப்பெண் கோப்பில் அவள் இருந்தாள். பெயர்க் கோப்பில் எவரும் அவளைச் சேர்க்கவில்லை. தேடும் செயற்கூறு "இல்லை" என்று கூறிய விடையைச் சோதியாமல் நிரல் மேலே சென்றுவிட்டது.

"அகப்படாத எண்ணைத் தாண்டிச் செல் என்று எழுதினால் போதும் ஐயா, நிரல் ஓடிவிடும்" என்றார் மாணவர். "ஓடும் தம்பி, அந்தப் பெண்ணின் பெயர் பட்டியலில் வாராதே!" என்றேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர்ச் சிறுமியின் பெயரையும் சேர்த்தார். எண் அகப்படாவிடில் வெளிப்படையாக அறிவிக்குமாறு நிரலையும் திருத்தினார்.

இரண்டு செய்திகளை நினைவிற் கொள்ளுங்கள். சில பிழைகள் நூறு முறைக்கு ஒருமுறையே தலைகாட்டும். ஆதலால் வரம்பை முன்னரே நீக்கி வைத்தல் நன்று. மேலும், அக்கோப்பில் கடவுச்சொல் முதலிய மறைபொருள்களும் அகப்படக்கூடும். ஆதலால் அதனை அயலார் கையில் கொடாதீர்கள்.

இன்று ஒரு சிறுவன் தவறான கணக்கோடு என்னிடம் வந்தால், "அழிக்காதே, எந்த வரியில் வழி தவறியது என்று இருவரும் பார்ப்போம்" என்பேன். அன்று என் சொற்கேட்டுச் சிலேட்டைத் துடைத்தவர்களுக்கு நான் பட்ட கடன் அது.