களைத்த மனமும் கால்பந்தும்

(இளைஞர் கால்பந்து அணியின் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

கால்பந்து விழாவில் இமாமுக்கு என்ன பேச்சு என்று சிலர் எண்ணக்கூடும். சென்ற அரையிறுதியின்போது எல்லைக்கோட்டருகே நின்று நாம் சொன்ன ஒரு சொல் இன்றும் நெஞ்சை உறுத்துகிறது. அதனாலேயே பேச இசைந்தோம். நம் பிள்ளைகள் ஓடத் தயங்கியதைக் கண்டு “சோம்பேறிகள்” என்றோம். அவர்களுள் பலர் அன்று காலையில் மூன்று மணி நேரம் தேர்வு எழுதிவிட்டு வந்தவர்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

மனச்சோர்வு என்னும் நோயை நாம் இங்கே குறிப்பிடவில்லை. நெடுநேரம் ஒன்றிலேயே கருத்தைச் செலுத்துவதால் நலமுள்ளவருக்கும் வருகின்ற களைப்பையே சொல்கிறோம். இது கால்களையும் பிடிக்கும் என்பது பழைய செய்தி. இத்தாலியின் டூரின் நகரத்து உடலியல் அறிஞர் ஏஞ்சலோ மோஸோ, விரலால் எடையை இழுக்கச் செய்து களைப்பை அளக்கும் கருவியொன்றை அமைத்தார். சொற்பொழிவு ஆற்றியும் தேர்வு நடத்தியும் வந்த பேராசிரியர்களின் விரல்வலிமை குன்றியிருந்ததை 1891-இல் வெளியிட்ட நூலில் எழுதினார். பேசியது நாவு, தளர்ந்தது விரல்! மதரஸாவில் நாள் முழுதும் பாடம் நடத்துவோருக்கு இதில் வியப்பிராது.

2009-இல் சாமுவேல் மார்கோரா என்பவரும் அவருடைய குழுவினரும் 16 பேரை 90 நிமிடம் கடுங்கவனம் வேண்டும் கணினிப் பணியில் அமர்த்திய பின் சைக்கிள் மிதிக்கச் செய்தனர். மற்றொரு நாள் அதே நேரத்திற்கு ஆவணப்படம் காட்டிவிட்டு மிதிக்கவிட்டனர். படம் பார்த்த நாளில் சராசரியாக 754 விநாடி தாங்கியவர்கள், மூளை களைத்த நாளில் 640 விநாடியிலேயே நிறுத்திவிட்டனர். இதயமோ நுரையீரலோ தசையின் சக்தியோ இதற்குக் காரணமாகத் தெரியவில்லை. அதே வேலை அன்று கூடுதல் கடினமாகத் தோன்றியது, அவ்வளவே.

கால்பந்து வீரர்களை வைத்தே நடந்த ஆய்வு 2016-இல் வெளிவந்தது. ‘சிவப்பு’ என்ற சொல் நீல மையில் அச்சாகியிருக்கும். சொல்லை விட்டுவிட்டு மையின் நிறத்தைச் சொல்ல வேண்டும். கேட்க எளிது; அரைமணி நேரம் இதையே செய்தால் தலை சுற்றும். அதன்பின் ஒலிக்குறிக்கேற்ப 20 மீட்டர் போய்வரும் ஓட்டத்தில் 12 வீரர்களை நிறுத்தினர். பத்திரிகை புரட்டிவிட்டு வந்த நாளில் சராசரி 1410 மீட்டர். தலை களைத்த நாளில் 1203 மீட்டர். வேறு 14 வீரர்களின் பந்துத்திறனையும் சோதித்தனர். பந்தைக் கடத்தும் வேகம் குறையவில்லை, பிழைகள் மிகுந்தன. இலக்கை நோக்கி உதைத்ததில் குறியும் தவறியது, வேகமும் தளர்ந்தது. ஆட்கள் சிலரே என்பதால் எல்லார்க்கும் இதே அளவு குறையும் என்று நாம் சொல்லமாட்டோம். ஆயினும் அன்று நம் மைதானத்தில் கண்டதும் இதுவன்றோ! கால் ஓடியது, பந்து எதிரணியின் காலுக்குப் போனது.

இளவல்களே, உங்களிடமும் ஒன்று உண்டு. ஆட்டத்திற்கு முன் சுவரோரம் வரிசையாக அமர்ந்து கைபேசியைத் தேய்ப்பதை நாம் பார்க்காமலில்லை. பிரேசில் நாட்டு வீரர்களை வைத்து 2019-இல் வெளியான ஆய்வில், அரைமணி நேரமோ அதற்கு மேலோ கைபேசியில் மூழ்கியவர்கள், யாருக்குப் பந்தைத் தருவது என்று முடிவெடுப்பதில் தடுமாறினர். கால்மணி நேரம் பார்த்தவர்களுக்கு அவ்வளவு பாதிப்பில்லை. ஆகவே ‘ஓய்வெடுக்கிறோம்’ என்று இனி நம்மிடம் சொல்லாதீர்கள்!

நிர்வாகப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு ஆட்ட அட்டவணை வகுக்கும்போது பள்ளித் தேர்வு அட்டவணையையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தேர்வு நாளின் மாலையில் முக்கிய ஆட்டம் வேண்டாம். தவிர்க்கவியலாது போனால், வீட்டிலுள்ளோர் அப்பிள்ளையிடம் வினாத்தாளைக் கேட்டு விடைகளைச் சரிபார்க்காமல், சாப்பிடவைத்துச் சற்றே கண்ணயர விடுங்கள்.

அன்று கோலுக்கு நேரே நின்று பந்தை வெளியே உதைத்த மகன் இதோ முன்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கிறார். தம்பி, நிமிர்ந்து பாருங்கள். அன்று நாம் சொன்ன சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம். பரிசை வாங்க முதலில் நீங்களே வாருங்கள்.