மெயினை அணைச்சாச்சு, கரண்ட் எங்கிருந்து வந்தது?

(தொழிற்கூடப் பணியாளர்களுக்கான பாதுகாப்புக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



முப்பது வருஷம் எலக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ் வேலை பார்த்தவன் நான். இன்னைக்கு ஒரே ஒரு விஷயம்தான் சொல்லப் போறேன். எந்த இயந்திரத்துல கை வைக்கறதுக்கு முன்னாடியும், அதுக்குக் கரண்ட் எத்தனை வழியில வருதுன்னு வரைபடத்தைப் பார்த்துத் தெரிஞ்சுக்கோங்க.

ஏன்னா, நான் இருந்த ஒரு பட்டறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் நின்னு போச்சு. ஒரு தம்பி மெயின் சுவிட்சை அணைச்சுட்டு, ஏணியில் ஏறி, ஃபேன் வயர்ல கை வைச்சான். ஷாக் அடிச்சுக் கீழே விழுந்தான். உயிர் பிழைச்சது பெரிய விஷயம். மணிக்கட்டு உடைஞ்சு மூணு மாசம் வேலைக்கு வர முடியல. அந்த ஃபேனை யூ.பி.எஸ். லைனுக்கு மாத்தியிருந்தோம். மெயினை அணைச்சாலும் பேட்டரி கரண்ட் கொடுத்துக்கிட்டே இருந்தது. மாத்தச் சொன்னவன் நான். அதை வரைபடத்தில் திருத்தாம விட்டவனும் நான்தான். அந்தத் தம்பி மேல ஒரு தப்பும் இல்லை.

வரைபடம் இன்ஜினியருக்கு மட்டும்தான் புரியும்னு நினைக்காதீங்க. உங்க பட்டறையோட ஒற்றைக்கோட்டு வரைபடத்தை வாங்கிப் பாருங்க. பொதுவா மேலே மின்வாரிய சப்ளை, மீட்டர், மெயின் சுவிட்ச். அங்கிருந்து கிளை கிளையாக் கீழே இறங்கும். வட்டத்துக்குள்ள ‘எம்’னு ஆங்கில எழுத்து இருந்தா மோட்டார், ‘ஜி’ இருந்தா ஜெனரேட்டர். படிப்படியாக் குறுகுற மூணு கோடுகள்னா எர்த். யூ.பி.எஸ்., ஜெனரேட்டர், சோலார் எதுவா இருந்தாலும், எங்கே வந்து சேருதுன்னு விரல் வைச்சுப் பின்தொடருங்க. அதுதான் உயிரைக் காக்கற கோடு.

இன்னொண்ணு. வரைபடத்தில் சுவிட்சும் கான்டாக்ட்டும் கரண்ட் இல்லாத நிலையிலதான் வரையப்பட்டிருக்கும். படத்துல திறந்திருக்குன்னு பார்த்து, நேர்ல அணைஞ்சிருக்குன்னு நம்பிடாதீங்க. ஓரத்துல இருக்கிற கட்டத்தில் திருத்த எண்ணும் தேதியும் பாருங்க. அந்தத் தேதிக்குப் பிறகு ஏதாவது மாத்தினாங்களான்னு கேளுங்க.

வேலை தொடங்கும்போது இந்த வரிசையை மறக்காதீங்க:

1. வரைபடத்தில் உள்ள எல்லா சப்ளையையும் கண்டுபிடிச்சு அணைக்கணும்.

2. சுவிட்சைப் பூட்டி, ‘வேலை நடக்கிறது’ன்னு அட்டை மாட்டணும். சாவி வேலை செய்யறவர் பையில்தான் இருக்கணும்.

3. கரண்ட் இல்லைன்னு சோதிக்கணும். முதல்ல கரண்ட் இருக்கிற இடத்துல மீட்டரைச் சரிபார்த்து, பிறகு வேலை செய்யற இடத்துல பார்த்து, மறுபடியும் கரண்ட் உள்ள இடத்துல சரிபார்க்கணும். ஸ்க்ரூடிரைவர் டெஸ்டரை மட்டும் நம்பாதீங்க. காய்ஞ்ச மர ஏணியில் நின்னா அது சரியா எரியாம ஏமாத்தலாம்.

4. மாத்தினதைச் சிவப்புப் பேனாவால அன்னைக்கே வரைபடத்தில் குறிக்கணும். போர்டுல ஒட்டியிருக்கிற பெயரையும் மாத்தணும்.

உங்க கையில்தான் ஸ்மார்ட்போன் இருக்கே! வரைபடத்தைத் தெளிவாப் படம் எடுத்து வைச்சுக்கோங்க. திருத்தம் வந்தா பழைய படத்தை அழிச்சிட்டுப் புதுசை எல்லோருக்கும் அனுப்புங்க. வயரிங் மாத்தறதை அரசு உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரிடம் மட்டும் கொடுங்க. 30 மில்லிஆம்ப் கசிவுக்கே அணையற ஆர்.சி.சி.பி. சாதனம் வைக்கச் சொல்லுங்க. தெருவில் மின்கம்பி அறுந்து கிடந்தா, கிட்டப் போகாம ‘மின்னகம்’ 94987 94987 எண்ணுக்கு உடனே சொல்லுங்க. 24 மணி நேரமும் எடுப்பாங்க.

யாருக்காவது ஷாக் அடிச்சா, ஓடிப் போய் தொடாதீங்க. முதல்ல சப்ளையை அணைங்க. முடியலைன்னா காய்ஞ்ச மரக்கட்டையால் தள்ளி விடுங்க. உடனே 108-க்குக் கூப்பிடுங்க. மூச்சு இல்லைன்னா நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்யுங்க.

நாளைக்கு வேலைக்குப் போனதும் ஒரு கேள்வி மட்டும் கேளுங்க: “நம்ம வரைபடம் எங்கே இருக்கு? கடைசியா எப்போ திருத்தினீங்க?” பதில் வரலைன்னா, அந்தப் பட்டறையில் மெயினை அணைச்சாலும் கரண்ட் வர்ற இடம் ஒண்ணு இருக்கலாம். அதை முதல்ல தேடிக் கண்டுபிடிங்க.