பென்சிலைத் திரும்பவும் கையில் எடுத்தோம்

(எமது பழைய மாணவிகள் சங்கத்தின் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)

 



ஒலிவாங்கியின் முன்னால் நிற்பது ஒருத்தி. கதைப்பது நாங்கள் ஆறு பேர். ஒரே வகுப்பிலிருந்து ஓ.எல். எழுதியவர்கள். மூன்று பேர் மருதமுனை, ஒருத்தி சாய்ந்தமருது, ஒருத்தி பாண்டிருப்பு, ஒருத்தி காரைதீவு. சனிக்கிழமைகளில் அசர் தொழுகைக்குப் பிறகு மருதமுனையில் ஒரு வீட்டு விறாந்தையில் கூடி, பென்சிலால் படம் கீறுகிறோம். பெரும்பாலும் நாய்களையும் பூனைகளையும். அதுவும் 'ஒரு நாய்', 'ஒரு பூனை' என்றில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற, ஒரு வீட்டுக்குச் சொந்தமான நாயையும் பூனையையும். சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். எங்கள் வீட்டுக்காரர்களும் சிரித்துவிட்டுத்தான் ஓய்ந்தார்கள்.

சித்திரம் எங்களுக்கு ஓ.எல். வரைக்கும்தான் இருந்தது. அழகியல் பாடம் ஒன்று எடுக்கவேண்டும் என்பதால் எடுத்தோம். சங்கீதம் வீட்டில் சரிவராது, நடனம் கேட்கவே வேண்டாம், மிஞ்சியது சித்திரம். பிடித்துப்போய்விட்டது. பெறுபேறு வந்த பிறகு, "அதை வைச்சு என்ன செய்யப்போறாய்?" என்று கேட்டார்கள். அந்த நாட்களில் அது நியாயமான கேள்விதான். ஊரடங்கு எப்போது போடுவார்கள், பாதை எப்போது திறக்கும் என்று பார்த்துப் பார்த்துப் படித்த காலம் அது. சித்திரக் கொப்பி அலுமாரிக்கு மேலே போனது. பிறகு அலுமாரியே போனது.

எங்களில் ஒருத்தி ஆசிரியை ஆனாள், ஒருத்தி மருத்துவமாது, ஒருத்தி வங்கியில். ஒருத்தி பதினொரு வருடம் ரியாத்தில் இருந்துவிட்டு வந்தாள். ஒருத்திக்கு வீடு, வீடு என்றால் எல்லாம். மற்றவளுக்குக் கைத்தறி. மருதமுனைப் பிடவை என்றால் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சேலைக் கரைக்கு வேண்டிய பூவைக் கட்டத்தாளில் பென்சிலால் குறித்துப் பார்ப்பது அவளுடைய பழக்கம். ஆகவே இத்தனை வருடத்திலும் பென்சிலை விடாதவள் அவள் ஒருத்திதான். இப்போது எங்கள் ஆசிரியையும் அவள்தான், சான்றிதழ் இல்லாவிட்டாலும்.

முதல் இரண்டு மாதமும் வெற்றிலை வட்டா, தேத்தண்ணிக் கோப்பை, கதவுப் பூட்டு என்று அசையாத சாமான்களையே கீறினோம். கை நடுங்கும் என்று பயந்தோம். கை பெரிதாக நடுங்கவில்லை. கண்தான் பிரச்சினை. மூக்குக்கண்ணாடியைச் சொல்லவில்லை; அதுவும் உண்டுதான். கோப்பையின் வாயை முட்டை வடிவமாகப் பார்த்துக்கொண்டே வட்டமாகக் கீறிவிடுவோம். வட்டம் என்று மனம் முன்பே முடிவு செய்துவிடுகிறது. முப்பது வருடம் வீட்டுவேலை செய்த கண், எதையும் 'இது இன்னது' என்று அடையாளம் கண்டவுடன் அடுத்ததற்கு ஓடிவிடும். அதை ஓரிடத்தில் இருத்திவைப்பதற்கே அந்த இரண்டு மாதமும் சரியாய்ப் போயின.

பென்சிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. காரீயம் என்று பெயர் வைத்திருக்கிறோம், அதற்குள் ஈயம் ஒரு துளியும் கிடையாது. அது கரியின் ஒரு வடிவம். 1795இல் பிரான்சில் கொன்டே என்பவர் காரீயத்தூளைக் களிமண்ணுடன் குழைத்துச் சுட்டுப் பென்சில் செய்யும் முறையைக் கண்டுபிடித்தார். களிமண் கூடினால் முனை கடினம், கோடு மெல்லிது. அது எச் வகை. காரீயம் கூடினால் மெதுமை, கறுப்பு. அது பி வகை. கேகாலைப் பக்கம் போகலைச் சுரங்கத்தில் எடுக்கிற எங்கள் நாட்டுக் காரீயம் உலகிலேயே மிகத் தூய்மையானவற்றில் ஒன்று. பள்ளிக்கூடத்தில் இதையெல்லாம் விஞ்ஞானப் பாடத்தில் பாடமாக்கினோம். சித்திரப் பாடத்துக்கும் அதற்கும் தொடுப்பு இருப்பதாக யாரும் சொல்லவில்லை. எங்களுக்கு எச்பி, 2பி, 6பி மூன்றும் போதும். கறுப்பு நாய்க்கு மட்டும் 8பி.

பூனையில் தொடங்கியதற்குக் காரணம் பூனைதான். மீன் வாங்குகிற ஊரில் பூனைக்கு என்ன பஞ்சம்? விறாந்தையில் வந்து படுத்தது, நாங்கள் கீறினோம். பூனையைப் பற்றி யாருக்கும் தயக்கம் இல்லை. அபூஹுரைரா என்ற பெயருக்கே பூனைக்குட்டியின் தகப்பன் என்றுதான் பொருள்.

பிறகு ஒரு சனிக்கிழமை, காரைதீவுத் தோழி தன் நாயின் போட்டோவைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். பதின்மூன்று வயது, கண்ணில் புரை விழுந்த நாய். "இது இருக்கிறபோதே கீறித் தாங்கடி" என்றாள். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

அந்த அமைதியை இங்கே மூடி மறைக்கத் தேவையில்லை. நாங்கள் ஷாபிஈ மத்ஹபுக்காரர். நாயின் எச்சில் பட்டால் ஏழு தடவை, அதில் ஒரு தடவை மண் கலந்து கழுவவேண்டும் என்பது சின்னதிலேயே படித்தது. மாலிக்கி மத்ஹபில் சட்டம் வேறு என்பதை வளர்ந்த பிறகுதான் தெரிந்துகொண்டோம். அதற்கு மேல், உயிருள்ளவற்றின் உருவத்தை வரையலாமா என்ற கேள்வி தனியாக இருக்கிறது. அதிலும் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பத்வா கொடுக்க நாங்கள் யார்? எங்கள் நால்வரில் இருவர் இன்றைக்கும் தோணி, தென்னை, பூ என்றுதான் கீறுகிறார்கள். அவர்களை ஒருவரும் வற்புறுத்தவில்லை. அவர்களும் மற்றவர்களின் தாளைக் கண்டு முகம் சுளிக்கவில்லை. நாய்க்குப் பின்னால் நிற்கும் வேலியையும் மாமரத்தையும் அவர்களே கீறித் தருகிறார்கள். அந்த மாமரம் நாயைவிட நன்றாக வந்துவிடுகிறது என்ற முறைப்பாடும் உண்டு.

மற்ற இருவரும் நாயை வரையத் துணிந்ததற்குக் காரணம், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஓதுகிற சூரத்துல் கஹ்ஃப். குகைத் தோழர்களோடு அவர்களுடைய நாயும் அதில் வருகிறது. குகை வாசலில் முன்னங்கால்களை நீட்டிப் படுத்திருந்ததாக வருகிறது. இத்தனை வருடம் ஓதியும் அந்தக் கால்களை நாங்கள் மனக்கண்ணில் பார்த்ததில்லை. காரைதீவுப் படலையடியில் அந்த நாய் படுத்திருக்கும் படத்தைப் பார்த்தபோது, அதே இருப்பு. தாகத்தால் தவித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவரின் பாவம் மன்னிக்கப்பட்ட ஹதீஸும் எல்லோருக்கும் தெரிந்ததே. ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன் பக்தாதில் இப்னுல் மர்ஸுபான் என்ற அறிஞர், ஆடை உடுத்தவர்களில் பலரைவிட நாய் மேலானது என்ற பொருளில் பெயர் வைத்து ஒரு நூலே எழுதினார். அந்தப் பெயரைக் கேட்டதும் வங்கிக்காரி, "ஆள் ஏதோ கடன் கொடுத்து ஏமாந்திருக்கிறார்" என்றாள்.

விலங்கின் படம் எங்கள் வரலாற்றுக்கு அந்நியமும் அல்ல. முகலாயப் பேரரசர் ஜஹாங்கீரின் அரண்மனையில் உஸ்தாத் மன்சூர் என்ற ஓவியர் இருந்தார். 1621இல் அவர் வரைந்த வரிக்குதிரையைப் பார்த்தால், வரிக்குதிரை என்ற இனத்தை அல்ல, தன் முன்னால் நின்ற அந்த ஒன்றைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது விளங்கும்.

பாண்டிருப்புத் தோழி தன் பங்குக்கு ஒரு கதை கொண்டுவந்தாள். தமிழ்நாட்டில் திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்று ஓர் ஊர். அங்கே ஏழாம் நூற்றாண்டு, மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. எருமைகளைக் காத்து இறந்த வீரனின் கல் அது. அவன் பக்கத்தில் ஒரு நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். நாயின் பெயர் கோவிவன், இரண்டு கள்ளரைக் கடித்துக் காவல் நின்றது என்று எழுத்தும் வெட்டியிருக்கிறார்கள். பல அரசர்களின் பெயர் அழிந்துபோன காலத்தில் ஒரு நாயின் பெயர் ஆயிரத்து நானூறு வருடமாகக் கல்லில் நிற்கிறது. படத்தின் கீழே நாயின் பெயரை எழுதும் வழக்கம் எங்களுக்கு அன்றிலிருந்து வந்தது.

இனி வேலையின் பக்கம். நாய் அசையும். இங்கிலாந்து ஓவியர் டேவிட் ஹொக்னி 1995 அளவில் தன் இரண்டு நாய்களையும் வரையத் தொடங்கியபோது, வீட்டின் பல இடங்களிலும் தாளும் தாழ்வான பலகையும் தயாராக வைத்திருந்தாராம். அவை எங்கே படுக்கிறதோ அங்கே உட்கார்ந்துவிடுவார். எங்களுக்கு அந்த வசதி இல்லை, போட்டோதான் துணை. ஆனால் கைத்தொலைபேசியை முகத்துக்குக் கிட்டப் பிடித்தால் மூக்கு பெருத்துக் காது சிறுத்துவிடும். அதை அப்படியே பார்த்துக் கீறினால் வேறொரு நாய் வந்துவிடும்.

நாங்கள் கண்ணில் தொடங்குகிறோம். கண்ணில் விழும் வெளிச்சப் புள்ளியைத் தாளின் வெள்ளையாகவே விட்டுவிட வேண்டும்; பிறகு அழிறப்பரால் அழித்து எடுக்கிற வெள்ளைக்கு அந்த உயிர்ப்பு வராது. மயிரை ஒவ்வொன்றாகக் கீறப் போனால் துடைப்பம் மாதிரி ஆகிவிடும். மயிர் எந்தத் திசையில் போகிறது, எங்கே திரும்புகிறது என்பதைப் பிடித்தால் போதும். மூக்கிலிருந்து நெற்றிக்கு மேல்நோக்கி, கன்னத்தில் பின்நோக்கி, கழுத்தில் கீழ்நோக்கி. பூனையின் மீசைக்கு ஒரு உபாயம் உண்டு. மை முடிந்த பேனையால் முதலில் அழுத்திக் கோடு போட்டுவிட்டு அதன்மேல் பென்சிலால் நிழல் இட்டால், பள்ளத்தில் கரி இறங்காது. மீசை வெள்ளையாகவே நிற்கும். வெள்ளை நாயை வரைவதற்கு நாயைத் தொடவே தேவையில்லை, பின்னணியைக் கறுப்பாக்கினால் நாய் தானாக முன்னுக்கு வரும். மாரியில் தாள் ஈரம் குடித்துத் தொய்யும். கச்சான் காலத்தில் தூசி வந்து படியும். உள்ளங்கைக்குக் கீழே ஒரு துண்டுத் தாள் வைக்காவிட்டால் ஒரு மணித்தியால வேலை கையோடு வந்துவிடும்.

இதுவரை கீறியவற்றில் எங்களுக்கு மிகக் கடினமாக இருந்தது போட்டோ இல்லாத ஒரு நாய்.

2004 டிசம்பர் 26ஆம் திகதியை இந்த மண்டபத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. இலங்கையில் மிகக் கூடுதலான உயிர்களை இழந்தது எங்கள் அம்பாறை மாவட்டம். போனவர்களோடு அவர்களுடைய போட்டோக்களும் போயின. பாண்டிருப்புத் தோழியின் வீட்டில் ஒரு அல்பமும் மிஞ்சவில்லை. ஒருநாள் அவள், "எங்கட ஜிம்மியைக் கீறலாமா? படம் இல்லை, நான் சொல்றேன்" என்றாள்.

கைத்தறிக்காரிதான் கீறினாள். நாங்கள் சுற்றியிருந்து கேள்வி கேட்டோம். காது நின்றதா, மடிந்ததா? ஒன்று நின்றது, மற்றதன் நுனி மடிந்தது. எந்தக் காது? அவள் எழுந்து நின்று, வாசலைப் பார்த்துத் திரும்பி, தன் இடது கையைத் தூக்கினாள். நெற்றியில் வெள்ளை உண்டா? கண்ணின் நிறம்? அது அவளுக்கு நினைவில்லை. ஆனால் தாடையை எங்கே வைத்துப் படுக்கும் என்பதை அங்குலக் கணக்கில் சொன்னாள். நான்கு தாள் கிழிந்தது. ஐந்தாவதை நெடுநேரம் பார்த்துவிட்டு, பென்சிலைத் தானே வாங்கி, மடிந்த காதின் நுனியைச் சற்று இறக்கினாள். பிறகு, "பக்கத்தில ஒரு கதிரைக் கால் வேணும். பிரம்புக் கதிரை" என்றாள்.

அந்தக் கதிரையில் யார் இருப்பார் என்பது எங்களுக்குத் தெரியும். படிக்கிற காலத்தில் அந்த வீட்டில் எங்களுக்கும் தேத்தண்ணி ஊற்றித் தந்தவர் அவர். நாங்கள் அதைப் பற்றிக் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கதிரைக் காலின் பிரம்புச் சுற்று மூன்றா நான்கா என்று மட்டும் கேட்டோம். நான்கு என்றாள். தோணியும் தென்னையும் மட்டும் கீறுகிற இருவரில் ஒருத்தி அந்தக் காலைக் கீறிக் கொடுத்தாள்.

காரைதீவு நாய் போன வருடம் செத்தது. படம் அவள் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. அதற்குப் பிறகு டோஹாவிலிருந்தும் டொரொண்டோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் உங்கள் போட்டோக்கள் வரத் தொடங்கிவிட்டன. அனுப்புகிறவர்களுக்குச் சில வேண்டுகோள்கள் உண்டு. மேலே நின்றபடி எடுக்காதீர்கள், குனிந்து நாயின் கண் மட்டத்துக்கு வாருங்கள். ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கமாக விழட்டும், பிளாஷ் வேண்டாம். நேரே ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. பெயரை எப்படி எழுதவேண்டும் என்று தமிழில் எழுதி அனுப்புங்கள். அது எங்கே, எப்படிப் படுக்கும் என்பதையும் ஒரு வரி எழுதுங்கள். எங்களுக்கு அது போட்டோவைவிட உதவும்.

காசு வாங்குவதில்லை. விரும்பியவர்கள் எங்கள் பாடசாலைச் சித்திர அறைக்கு ஒரு பெட்டி 2பி பென்சில் கொடுக்கலாம். நோன்பு மாதத்தில் நாங்கள் கூடுவதில்லை. கறுப்பு நாய் என்றால் இரண்டு சனிக்கிழமை கூடுதலாகப் பிடிக்கும், தயவுசெய்து அவசரப்படுத்தாதீர்கள்.