வெட்டி வேலையும் விருப்ப வேலையும்

 

ஐயாவின் நினைவு நாளில் பேச வேண்டும் என்று தோழர்கள் கேட்டபோது கொஞ்சம் தயங்கினேன். நான் கவிஞனும் இல்லை, விமர்சகனும் இல்லை. பள்ளி ஆசிரியர். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக இரவு நேரத்தில் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதிவருகிறேன். அதைப் பற்றித்தான் பேச முடியும் என்றேன். அதையே பேசுங்கள் என்றார்கள். கூலி வாங்காமல் ஒரு கலைக்களஞ்சியம் எழுத ஆட்கள் ஏன் வருகிறார்கள், வந்தவர்கள் ஏன் போய்விடுகிறார்கள், அங்கே நம் ஆட்களும் நம் செய்தியும் நிற்க என்ன வேண்டும்? இன்றைக்கு இதுதான் பேச்சு.

என் அம்மாவிலிருந்து தொடங்குகிறேன். ஒருநாள் இரவு 11 மணி இருக்கும். தண்ணீர் குடிக்க எழுந்து வந்தவர், நான் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "இன்னாபா, இந்நேரத்துல இன்னா எழுதினு இருக்கிற?" என்று கேட்டார்.

"யாரு வேணா படிக்கிற புஸ்தகம்மா. எல்லாரும் சேர்ந்து எழுதுறோம்."

"எவ்ளோ குடுப்பாங்க?"

"ஒண்ணும் குடுக்க மாட்டாங்கம்மா."

கொஞ்ச நேரம் அம்மா பேசவில்லை. பிறகு, "அப்போ வெட்டின்னு சொல்லு. உங்க தாத்தா செஞ்சது பத்தலியா?" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

இங்கே மூத்தவர்கள் சிரிக்கிறீர்கள். இளையவர்களுக்காகச் சொல்கிறேன். இன்றைக்கு 'வெட்டியா இருக்கான்' என்றால் வேலை இல்லாமல் இருக்கிறான் என்று பொருள். சேரியில் அந்தச் சொல்லுக்குப் பொருள் நேர் எதிர். வேலை இருக்கும், கூலி இருக்காது. சாவுச் சேதி சொல்ல ராத்திரியில் பத்து மைல் நடப்பது, செத்த மாட்டை இழுத்துப்போடுவது, பிணம் எரிப்பது, தமுக்கடித்து ஊருக்குச் செய்தி சொல்வது. அறுவடைக் களத்தில் ஏதோ அளந்து போடுவார்கள். ஆனால் 'இன்றைக்கு வரமாட்டேன்' என்று மட்டும் சொல்ல முடியாது. என் தாத்தா அப்படி வேலை பார்த்தவர். ஆகவே ஊதியம் இல்லாத உழைப்பைப் பெருமையாகப் பேசும் யாரைப் பார்த்தாலும் எனக்கு முதலில் ஒரு சந்தேகம் வரும். அம்மாவுக்கு அன்றைக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

விக்கிப்பீடியா 2001 ஜனவரியில் ஆங்கிலத்தில் தொடங்கியது. தமிழில் 2003இல் வந்தது. அதைத் தொடக்க காலத்தில் ஏறக்குறையத் தனியாளாகத் தூக்கி நிறுத்தியவர் இ. மயூரநாதன், யாழ்ப்பாணத்தில் பிறந்த கட்டடக் கலைஞர், வளைகுடாவில் வேலை பார்த்தவர். 2017இல் தமிழ் விக்கிப்பீடியா ஒரு லட்சம் கட்டுரைகளைத் தாண்டியது. அதற்கு முன்பும் தமிழில் கலைக்களஞ்சியங்கள் இருந்தன. யாழ்ப்பாணத்தில் முத்துத்தம்பிப்பிள்ளையின் அபிதான கோசம் 1902இல் வந்தது, சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி 1910இல் வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு பெரியசாமித் தூரனை ஆசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை 10 தொகுதிகள் வந்தன. பெரிய உழைப்பு, குறை சொல்ல வரவில்லை. ஆனால் எந்தத் தலைப்பு உள்ளே வர வேண்டும், எது வேண்டாம் என்று முடிவு செய்தவர்கள் ஒருசிலர். அந்த ஒருசிலர் யாராக இருக்க முடிந்தது என்பது உங்களுக்குத் தெரியும். விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் 'தொகு' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்த யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டாம்.

ஆட்கள் ஏன் வருகிறார்கள் என்று ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். ஓடெட் நோவ் என்பவர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், எழுதுகிறவர்கள் முதன்மையாகச் சொன்ன காரணங்கள் இரண்டு. ஒன்று மகிழ்ச்சி. இன்னொன்று கொள்கை, அதாவது அறிவு எல்லாருக்கும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்பது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. மகிழ்ச்சியை அதிகம் சொன்னவர்கள் அதிக நேரம் எழுதினார்கள். கொள்கையை அதிகம் சொன்னவர்களிடம் அப்படி ஒரு கூடுதல் இல்லை. இயக்கத்தில் இருக்கும் நாம் இதைக் கேட்டு முகம் சுளிக்கத் தேவையில்லை. கூட்டம் முடிந்த பிறகு நாற்காலி மடிக்க யார் நிற்கிறார்கள் என்று பார்த்தவர்களுக்கு இது புதிய செய்தியும் இல்லை.

இன்னொரு ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. 2005 அக்டோபரில் சீன அரசு தன் நாட்டுக்குள் விக்கிப்பீடியாவைத் தடுத்தது. சீன மொழி விக்கிப்பீடியாவில் தைவான், ஹாங்காங், சிங்கப்பூர் என்று வெளியிலிருந்து எழுதியவர்களும் இருந்தார்கள். அவர்களுக்குத் தடை இல்லை, வழக்கம்போல எழுதலாம். ஆனாலும் அவர்களுடைய பங்களிப்பு சராசரியாக 42.8 விழுக்காடு குறைந்துவிட்டது என்று ஜாங், ஜு என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அவர்கள் கையை யாரும் பிடிக்கவில்லை. படிக்க இருந்த கூட்டம் போய்விட்டது, அவ்வளவுதான். படிப்பார்கள் என்று தெரிந்தால்தான் எழுத்தே வருகிறது.

பரிசு கொடுத்தால் வருவார்களா என்றால், வருவார்கள். கோவைச் செம்மொழி மாநாட்டையொட்டி 2010இல் கல்லூரி மாணவர்களுக்கு விக்கிப்பீடியாக் கட்டுரைப் போட்டி நடந்தது. பிறகு வேங்கைத் திட்டம் என்று இந்திய மொழிகளுக்கு இடையே ஒரு போட்டி வந்தது. எழுதுகிறவர்களில் சிலருக்கு மடிக்கணினியும் இணையச் செலவும் கொடுத்தார்கள். போட்டிக்கு வருகிறவர்கள் போட்டி முடிந்ததும் போய்விடுவார்கள் என்று ஒரு முணுமுணுப்பு எப்போதும் உண்டு. நான் வேறு மாதிரி பார்க்கிறேன். வீட்டில் கணினி உள்ளவனுக்கு அது பரிசு. இல்லாதவனுக்கு அது ஏர், மண்வெட்டி மாதிரி. அது இல்லாமல் வேலையைத் தொடங்கவே முடியாது. நேரமும் அப்படித்தான். 2010இல் வெளிவந்த ஒரு பன்னாட்டுக் கணக்கெடுப்பில், எழுதுகிறவர்களில் பெண்கள் 13 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. சமைத்து, பாத்திரம் கழுவி, பிள்ளையைத் தூங்கவைத்த பிறகு மிச்சமாகும் நேரம் எவ்வளவு என்று இங்கே உள்ள அக்காமார்களைக் கேளுங்கள்.

தமிழ் விக்கிப்பீடியாவில் பொது விவாதம் நடக்கும் பக்கத்துக்கு 'ஆலமரத்தடி' என்று பெயர். அழகான பெயர் என்றுதான் வைத்திருப்பார்கள். முதன்முதலில் பார்த்தபோது எனக்கு உடம்பு கூசியது. எங்கள் ஊரில் ஆலமரத்தடியில் பஞ்சாயத்து என்றால் எங்கள் ஆட்கள் எட்டி நின்று, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் பதில் சொல்ல வேண்டும். இந்த ஆலமரத்தடியில் யாரும் என் சாதியைக் கேட்கவில்லை. அதை நான் மதிக்கிறேன். யாரும் கேட்காததால், எந்தத் தெருவின் கதை இன்னும் வந்து சேரவில்லை என்பதும் யார் கண்ணிலும் படாமல் போகலாம். அதையும் சொல்லத்தான் வேண்டும். நம் பெண்கள் 2015இல் தலித் வரலாற்று மாதத்தைத் தொடங்கியபோது, விக்கிப்பீடியாவில் கூடி உட்கார்ந்து எழுதுவதையும் அதில் ஒரு வேலையாக வைத்தது இதனால்தான்.

இப்போது ஐயாவுக்கு வருகிறேன்.

ஐயா மறைந்த ஆண்டு, அவரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். இரவுப் பள்ளி நடத்தியது, கையெழுத்து இதழ் நடத்தியது, இரட்டைக் குவளைக்கு எதிராக டீக்கடை முன்னால் உட்கார்ந்தது, எல்லாவற்றையும் எழுதினேன். நானே அந்த இரவுப் பள்ளியில் படித்தவன். எனக்குத் தெரியாததா? இரண்டு நாளில் வரிக்கு வரி 'சான்று தேவை' என்று குறிப்பு விழுந்தது. உரையாடல் பக்கத்தில் ஒருவர் மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்: நூல், இதழ், நாளேடு ஏதாவது ஒன்றில் வந்திருந்தால் இணையுங்கள். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. நான் சாட்சி, என் முதுகில் அவர் தட்டிக்கொடுத்த கை சாட்சி, இன்னும் என்ன சான்று?

புதிதாக வருகிறவர் நல்லெண்ணத்தோடு எழுதிய முதல் வரியே நீக்கப்பட்டால் அவர் திரும்பி வருவது அரிது என்று 2013இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. நானும் அப்படிப் போயிருப்பேன். ஆனால் கோபம் ஆறியபோது ஒன்று புரிந்தது. 'எனக்குத் தெரியும், அதனால் எழுதுகிறேன்' என்பதை ஒத்துக்கொண்டால், நம் தெருவைப் பற்றி எல்லாம் தெரியும் என்று நினைக்கும் ஊர்க்காரரும் எழுதுவார். சான்று கேட்கும் விதி நம்மையும் காப்பாற்றுகிறது. சிக்கல் அடுத்த படியில் இருக்கிறது. அச்சில் வந்ததுதான் சான்று என்றால், யாரை அச்சில் ஏற்றினார்கள்?

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் இல்லை. கனடாவின் இயற்பியலாளர் டோனா ஸ்டிரிக்லண்டைப் பற்றி எழுதப்பட்ட கட்டுரை வரைவு 2018 மே மாதம் போதிய சான்று இல்லை என்று திருப்பப்பட்டது. அக்டோபரில் அவருக்கு நோபல் பரிசு. 2011இல் அச்சல் பிரபலா என்பவரும் அவருடைய நண்பர்களும் இந்தி, மலையாளம், தென்னாப்பிரிக்காவின் செபெடி ஆகிய மொழிகளில் வாய்மொழிப் பதிவுகளையே சான்றாக வைக்கலாமா என்று முயன்று பார்த்தார்கள். நல்ல முயற்சி. ஆனாலும் அச்சுக்குக் கிடைக்கும் மதிப்பு வாய்ச்சொல்லுக்கு இன்னும் கிடைக்கவில்லை.

ஆனால் நம் முன்னோர் இதை நமக்கு முன்பே அறிந்திருந்தார்கள். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். 1914இல் மறைந்தார். பிறகு அவர் பெயரே பொதுப் பேச்சில் இல்லாமல் போனது. அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் அந்த இதழ்களைக் கரையானுக்கும் மழைக்கும் கொடுக்காமல் வீட்டில் காத்துவைத்தார்கள். அலாய்சியஸ் அவற்றைத் தொகுத்து, 1999இல் பாளையங்கோட்டையிலிருந்து 'அயோத்திதாசர் சிந்தனைகள்' வெளிவந்தது. 85 ஆண்டுகள். இன்றைக்கு அவரைப் பற்றி யாராவது ஒரு வரி எழுதினால் அதன் கீழே சான்று போட முடிகிறது என்றால், யாரோ ஒரு வீட்டில் பழைய தாள் எடைக்குப் போகவில்லை என்று பொருள். யாழ்ப்பாணத்தில் டொமினிக் ஜீவா முடிதிருத்தும் கடையில் இருந்துகொண்டே 1966இல் மல்லிகை இதழைத் தொடங்கினார். தானே தோளில் சுமந்து விற்றார். 1981இல் யாழ் நூலகம் எரிந்த நாட்டில், 2005இல் தொடங்கிய 'நூலகம்' திட்டத்தின் தன்னார்வலர்கள் அந்த இதழ்களை ஒவ்வொரு பக்கமாக மின்வடிவம் ஆக்கினார்கள். அவர்களுக்கும் கூலி இல்லை. எரிந்ததைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று சொல்லவும் தேவையில்லை.

அம்மாவுக்குப் பதில் கிடைத்தது அப்போதுதான். விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு பக்கத்துக்கும் பின்னால் 'வரலாறு' என்று ஒரு பகுதி உண்டு. எந்த நாள், எத்தனை மணிக்கு, யார், எந்தச் சொல்லைச் சேர்த்தார் என்று எல்லாம் அதில் இருக்கும். ஒரு கால்புள்ளி போட்டாலும் பதிவாகும். அதை அம்மாவுக்குக் காட்டினேன். "தாத்தா எத்தினி சாவுக்கு நடந்தாருன்னு யாராவது எழுதி வெச்சாங்களாம்மா? இதுல நான் செஞ்சது இருக்குது. வேணாம்னா நாளைக்கே வுட்டுருவேன், யாரும் வந்து கதவைத் தட்ட மாட்டாங்க" என்றேன். அம்மா திரையைப் பார்த்தார். "உம் பேரு எங்க கீது, காட்டு" என்றார். காட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. விரலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐயாவின் கட்டுரைக்குச் சான்று தேடி அவர் வீட்டுக்குப் போனேன். ஐயாவின் துணைவியார் ஒரு தகரப் பெட்டியை எடுத்துக் கொடுத்தார். உள்ளே துண்டறிக்கைகள், மலர்கள், இரவுப் பள்ளி வருகைப் பதிவேடு, கையெழுத்து இதழ் மூன்று. தங்கம் கிடைத்தது என்று நினைத்தேன். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால், பாதித் துண்டறிக்கைகளில் 'வருகிற ஞாயிறு மாலை 6 மணிக்கு' என்று இருக்கிறது. எந்த ஞாயிறு, எந்த ஆண்டு என்று இல்லை. அச்சகத்தின் பெயரும் இல்லை. வருகிற ஞாயிற்றுக்குக் கூட்டம் சேர வேண்டும், அதுதான் அன்றைய அவசரம். யாரோ ஒருவன் பின்னாளில் வந்து ஆண்டைத் தேடுவான் என்று யார் நினைத்தார்கள்?

இந்த உரையை அச்சிடும்போது ஆண்டு, மாதம், ஊர், அச்சகம், பக்க எண் எல்லாம் போட வேண்டும் என்று நான் தோழர்களிடம் பிடிவாதம் பிடித்தது அதனால்தான். இரண்டு படிகளைப் பொது நூலகங்களுக்கு அனுப்பவும் சொல்லியிருக்கிறேன். ஐயாவின் கட்டுரை இப்போது ஆறு வரியில் நிற்கிறது. ஒரு மலரிலும் ஒரு வார இதழிலும் கிடைத்த சான்றுக்கு அவ்வளவுதான் எழுத முடிந்தது. டீக்கடை முன்னால் உட்கார்ந்த செய்தி இன்னும் அதில் இல்லை.

தேதி இல்லாத துண்டறிக்கைகளை வெளியே மேசைமேல் பரப்பி வைத்திருக்கிறோம். சாப்பிடப் போகும்முன் மூத்தவர்கள் ஒருமுறை பாருங்கள். மஞ்சள் தாளில் ஒன்று இருக்கிறது. மழையால் தள்ளிவைக்கப்பட்ட கூட்டம் பள்ளிக்கூடத் திடலில் நடக்கும் என்று போட்டிருக்கிறது. அந்தக் கூட்டத்துக்கு வந்தவர்கள் யாராவது இங்கே இருந்தால், அது எந்த ஆண்டு மழை என்று சொல்லுங்கள். பக்கத்தில் ஒரு பையன் நோட்டோடு உட்கார்ந்திருப்பான்.