இறக்கத்தில்தான் கவனம்

மகள் வீட்டுக்குச் சிங்கப்பூர் போனபோது, மெக்ரிச்சி நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள காட்டுப் பாதையில் ஓடினேன். ஒரு சுற்று சுமார் 11 கிலோமீட்டர். நம் வளாகத்துக்குள் தினமும் ஓடுகிறோமே என்ற தைரியம்! ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. ஆனால் விழுந்தது இறக்கத்தில். மழையில் நனைந்த வேர் வழுக்கிவிட்டது. பின்னால் வந்த யாரோ ஒருவர்தான் தூக்கிவிட்டார்.

நீங்கள் மலைப்பாதையில் ஓடப் போனால், ஏற்றத்தில் நடங்கள், அதில் வெட்கமில்லை. இறக்கத்தில் சின்னச் சின்ன அடியாக வையுங்கள். பார்வை பத்தடி முன்னே இருக்கட்டும். பிடிப்புள்ள ஷூ, தண்ணீர், போன் அவசியம். குரங்குகள் இருக்கும், கையில் பிளாஸ்டிக் பை வேண்டாம். முக்கியமாக, தனியாகப் போகாதீர்கள்.

ஞாயிறு காலை 5.30-க்கு நம் கேட் அருகே நிற்பேன். வாருங்கள், சேர்ந்து பழகுவோம்.