செங்கலடிச் சந்தியும் ஆறு சிலிண்டர் எஞ்சினும்

மட்டக்களப்பிலிருந்து வடக்கே திருகோணமலை நோக்கிச் செல்லும் பெருந்தெருவில் ஏறாவூரை அடுத்து அமைந்துள்ளது செங்கலடி. பேராதனையிற் புறப்பட்டு நுவரெலியா, பதுளை, பசறை, லுணுகலை, பிபிலை, மகாஓயா ஆகிய ஊர்களைக் கடந்து இறங்கிவரும் வீதி முடிவடைவதும் இச்சந்தியிலேதான். படுவான்கரை வயல்களின் நெல்மூட்டைகளைச் சமதரையில் இழுத்துவரும் லொறி, மறுவாரமே லுணுகலை மலையேற்றத்தில் முதலாம் கியரில் முனகவேண்டியிருக்கும். ஆகவே இப்பகுதியில் லொறி வைத்திருப்பவருக்கு எஞ்சின் நலம் என்பது வெறும் விருப்பமன்று. வெள்ளாமை வெட்டுக் காலத்தில் அது ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானமாகும்.

இலங்கையின் தெருக்களில் நெடுங்காலம் பாரம் சுமந்த லொறிகளுள் பெட்போர்ட் முதன்மையானது. இங்கிலாந்தின் லூட்டன் நகரிலிருந்த வொக்ஸ்ஹோல் நிறுவனம் 1931 இல் இப்பெயருடைய லொறிகளை வெளியிடத் தொடங்கிற்று. அந்நிறுவனத்தை அமெரிக்க ஜெனரல் மோட்டர்ஸ் 1925 இலேயே வாங்கியிருந்தமையால், பெட்போர்டின் முதல் எஞ்சின்களில் செவர்லேயின் சாயல் தெளிவாகத் தெரிந்தது. பலரும் அறிந்த பெற்றோல் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரின் விட்டமும் மூன்றே முக்கால் அரைக்கால் அன்று, மூன்று அங்குலமும் மூன்று அரைக்கால் அங்குலமும் ஆகும். பிஸ்டன் ஓடும் நீளம் 4 அங்குலம். ஆறு சிலிண்டர்களும் சேர்ந்து 3,519 கன சென்ரிமீற்றர். பின்னர் டீசல் எஞ்சின்களும் வந்தன. டீசலின் விலைச் சலுகையைக் கண்டு, பழைய பெற்றோல் எஞ்சினைக் கழற்றிவிட்டுப் பேர்க்கின்ஸ் டீசல் எஞ்சினைப் பொருத்திக்கொண்டோரும் பல நாடுகளில் உண்டு.

ஆறு சிலிண்டர்களை ஏன் ஒரே வரிசையில் நிறுத்தினர்? கிராங்க் தண்டின் வளைவுகள் 120 பாகை இடைவெளியில் அமைவதால் முதலாவதும் ஆறாவதும், இரண்டாவதும் ஐந்தாவதும், மூன்றாவதும் நான்காவதும் சோடி சோடியாக ஏறி இறங்குகின்றன. ஒன்றின் அசைவை மற்றொன்று ஈடுசெய்கிறது. ஒரு சிலிண்டரின் வெடிப்பு ஓயுமுன் அடுத்ததன் வெடிப்புத் தொடங்கிவிடுகிறது. இந்த அமைதிக்கு ஒரு விலையும் உண்டு. தண்டு நீளமானதாகையால் ஒவ்வொரு வெடிப்பிலும் அது சற்றே முறுகி மீள்கிறது. இம்முறுக்கதிர்வை அடக்கவே தண்டின் முன்முனையில் ஒரு தணிப்பான் பூட்டப்படுகிறது. அதிலுள்ள ரப்பர் இற்றுப்போயிருந்தும் பெரும்பாலோர் அதனைக் கவனிப்பதில்லை. எஞ்சின் முழுவதையும் புதுப்பித்துவிட்டு அதனை அப்படியே பூட்டிவிடுவர். சில மாதங்களில் தண்டு முறிந்தால் இரும்பின்மேற் பழி விழுகிறது!

எஞ்சினைப் பிரிக்குமுன் அதன் நோயை அறிதல் வேண்டும். நீலப்புகை ஒயில் எரிவதைக் காட்டும். கரும்புகை எரிபொருள் மிகுதியை. எஞ்சின் சூடேறிய பின்பும் நில்லாத வெண்புகை பெரும்பாலும் தண்ணீர் உட்புகுவதை. அமுக்கமானி கொண்டு ஒவ்வொரு சிலிண்டரையும் சோதித்து, குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு கரண்டி ஒயில் விட்டு மீண்டும் சோதிப்பது பழைய மெக்கானிக்குகளின் வழக்கம். அமுக்கம் ஏறினால் தேய்ந்தவை ரிங்குகள். ஏறாவிடின் குற்றம் வால்வுகளில். அடுத்தடுத்த இரு சிலிண்டர்கள் ஒருசேரக் குறைந்தால் அவற்றிடையே கெஸ்கற் எரிந்திருக்கக்கூடும். இந்த அரைமணி நேரச் சோதனை, தேவையற்ற பெருஞ்செலவிலிருந்து உரிமையாளரைக் காப்பதுண்டு.

சிலிண்டர் எங்கும் ஒரே அளவாகத் தேய்வதில்லை. மேல்ரிங் திரும்பும் இடத்தில் தேய்வு மிகுதி, அடியில் குறைவு. பக்கவாட்டில் பிஸ்டன் உதைக்கும் திசையில் வட்டம் முட்டை வடிவாகிறது. சூடடிக்கும் களத்தின் தூசியும் உமித்துகளும் இதனை விரைவுபடுத்துகின்றன. ஒயில் நிரப்பிய காற்று வடிகட்டியைச் சுத்தம் செய்யாது ஓட்டுவது, சிலிண்டருக்குள் அரத்தூளைத் தூவுவதற்கு ஒப்பாகும். தேய்வு எல்லை கடந்தால் அங்குலத்தின் ஆயிரத்தில் 20, 40, 60 பங்கு என்ற படிகளில் துளையைப் பெருக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டன்களைப் போடுவர். பிஸ்டன்களைக் கையில் வாங்கி அளந்த பின்னரே துளையைப் பெருக்குவது அறிவுடைமை. பெருக்கிய துளையைச் சிறுக்க எவராலும் இயலாது.

கிராங்க் தண்டே இவ்வேலையின் உயிர்நிலை. தண்டின் ஒவ்வொரு கழுத்தையும் மைக்ரோமீற்றரால் பல திசைகளில் அளந்து, ஒன்று கெட்டிருந்தாலும் அவ்வினத்தைச் சேர்ந்த கழுத்துகள் அனைத்தையும் ஒரே அளவுக்குச் சாணை பிடிப்பர். கழுத்து தோளோடு சேரும் மூலையிலுள்ள சிறு வளைவை, அவசரக்காரர் நேர்க்கோணமாக வெட்டிவிடுவதுண்டு. வெடிப்பு அந்த மூலையிலேதான் பிறக்கும். வெடிப்பைக் காண ஒரு எளிய முறை இன்றும் பயன்தருகிறது: தண்டை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, நன்றாகத் துடைத்து, சுண்ணக்கட்டித் தூளைத் தூவிச் சுத்தியலால் மெல்லத் தட்டினால், மறைந்திருந்த வெடிப்பினுள் புகுந்த எண்ணெய் கசிந்து மெல்லிய கோடாகத் தோன்றும். அக்கோட்டைக் கண்டபின் "இன்னும் ஒரு போகம் ஓடும்" என்று உரிமையாளர் மன்றாடினாலும், நல்ல மெக்கானிக் இணங்கமாட்டார். மலைச்சரிவில் நெல்லேற்றிய லொறி நின்றுபோவது உரிமையாளரின் நட்டம் மட்டுமன்று.

அத்தகைய மன்றாட்டத்திற்குக் காரணமும் உண்டு. 1970 முதல் 1977 வரை நாட்டில் இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாயிருந்தது, உதிரிப்பாகம் அரும்பொருளாயிற்று, தேய்ந்ததைத் திருத்துவதே பெருங்கலையாயிற்று. 2020 மார்ச்சில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. படிப்படியாகத் தளர்ந்து, 2025 பெப்ரவரியிலேதான் தனியார் கார்களுக்கும் வழி திறந்தது. பழைய எஞ்சினைப் பழித்தோர் அவ்வாண்டுகளில் அதன் விலையைக் கேட்டு வியந்திருப்பர்.

பொருத்தும் வேலையில் பொறுமையே கருவி. பெயாரிங் மூடிகள் ஒவ்வொன்றும் தன்னிடத்திலேயே துளையிடப்பட்டவை. இடம்மாற்றினால் தண்டு இறுகும். சிலிண்டர் தலை நீண்டதாகையால், நேர்விளிம்புச் சட்டத்தை வைத்து அது வளைந்துள்ளதா என்று பார்த்தல் வேண்டும். மரைகளை நடுவிலிருந்து ஓரங்களை நோக்கிப் பல சுற்றுகளாக இறுக்கவேண்டும். வாவிக்கரைக் கிணறுகளின் உவர்நீரை ரேடியேற்றரில் ஊற்றும் வழக்கம் இங்கே பெருந்தீங்கு செய்கிறது. உப்பும் துருவும் நீர்வழிகளில் படிந்தால், பம்பிலிருந்து தொலைவிலுள்ள பின்சிலிண்டர்களே முதலில் வெந்து கெடுகின்றன.

இனிச் சுருதி கூட்டுதல். வெடிக்கும் வரிசை 1, 5, 3, 6, 2, 4. ஆறாவது சிலிண்டரின் வால்வுகள் இரண்டும் ஒன்று மூடி மற்றது திறக்கும் நிலையில் அசையும்போது முதலாவதன் இடைவெளியைச் சரிபார்க்கலாம். இரண்டாவது அசையும்போது ஐந்தாவதை. நான்காவது அசையும்போது மூன்றாவதை. வால்வு ஒலி சற்றுக் கேட்பது நன்று. ஒலியே இல்லாத வால்வு முழுதும் மூடாது எரிந்துபோகும். பொறி நேரத்தைப் பொறுத்தவரை, பழைய கைந்நூலின் எண்ணைக் கண்மூடிப் பின்பற்றுதல் ஆகாது. போர்க்காலத்திலும் அதன்பின் சில ஆண்டுகளும் கிடைத்த தாழ்ந்த தரப் பெற்றோலுக்கென வகுத்த நேரம், 92 ஒக்ரேன் பெற்றோலுக்குப் பின்தங்கியதாகவே அமையும். சிறிது முன்தள்ளி, ஏற்றத்தில் ஓட்டி, 'கிணுகிணு' என்ற தட்டொலி கேட்டதும் சற்றுப் பின்வாங்குவது அனுபவசாலிகளின் முறை.

காபரேற்றரைச் செங்கலடியில் கச்சிதமாக அமைத்தாலும், ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரமுள்ள நுவரெலியாவில் காற்றின் செறிவு ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடும். கலவை தடித்து எஞ்சின் கரும்புகை கக்கும். அங்கே அடிக்கடி செல்லும் லொறிக்கு மட்டுமே சிறிய ஜெற் பொருத்துவது பொருத்தம்; மலைக்காக மெலிவாக்கிய கலவையுடன் கடற்கரையில் பாரம் இழுத்தால் வால்வும் பிஸ்டனும் எரியும்.

வேலை முடிந்த நாளிலேயே நூறு மூட்டை ஏற்றிவிட விரும்புவோர் உளர். புதிய ரிங்குகள் சிலிண்டர்ச் சுவரோடு இழைந்து படியும்வரை, முதல் 500 மைல் தூரம் அரைப்பாரத்துடன், வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டவேண்டும். வெறுமனே நின்றவாறு நெடுநேரம் இயங்கவிடுதலும் கேடே. அவ்வாறு விட்டால் சுவர் மினுங்கி, ரிங் படியாது, ஒயில் என்றும் எரியும். அத்தூரம் ஓடியபின் ஒயிலை வடித்து, தலை மரைகளை மீண்டும் இறுக்கி, வால்வு இடைவெளிகளை மறுபடி அளந்து பார்த்தபின், லொறி முழுப்பாரத்துடன் மகாஓயாப் பக்கம் திரும்பலாம்.